மணியாச்சிக்கு வந்த எஞ்சினும் பெரம்பூரில் நிற்கும் எஞ்சின்களும்

எங்கள் ஊர் பேரைச் சொன்னாலே "அந்தப் பாண்டி படம் எடுத்தாங்களே, அந்த ஊரா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 1994ல் வந்த படம் அது. சீவலப்பேரிக்கு அதைவிடப் பழைய பெருமைகள் நிறைய உண்டு. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடம் இது. முக்கூடல் என்று பழைய இலக்கியத்தில் வருவதும் எங்கள் பக்கம்தான். இந்த முறை ஆற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. ரயில் எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன். ரயிலே வராத ஊர்க்காரனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து தாழையூத்து, கங்கைகொண்டான் வழியாக மணியாச்சி போகும் ரயில் சிற்றாற்றைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் எங்கள் ஊருக்குத்தான் வந்து சேர்கிறது!

தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் முதலில் ஓடியது 1856 ஜூலை 1ல், ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை. நெல்லைச் சீமைக்கு வர அதற்குப் பிறகு இருபது வருடம் ஆனது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874ல் உருவானது. அது மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட பாதை 1876ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கு வரும் கிளையும் அதே வருடம்தான். எல்லாம் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். அகலப் பாதைக்கு 1676 மில்லிமீட்டர் வேண்டும். சின்னப் பாதை என்றால் மண்வேலை குறைவு, பாலம் சிறியது, எஞ்சினும் சிறியது, செலவும் கம்மி. வெள்ளைக்காரன் கணக்கு அது. அந்தக் கணக்கில்தான் நம்ம பக்கத்து ஜனங்கள் நூறு வருடத்துக்கு மேல் பயணம் செய்தார்கள்.

பாதையைத் திறப்பதற்கு முன்னாலேயே அதில் ஒரு பெரிய ஆள் பயணம் செய்துவிட்டார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் (பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர்) இலங்கையிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கி, அங்கிருந்து ரயிலில் மதுரைக்குப் போனார். வழியில் மணியாச்சியில் கால்டுவெல்லும் சார்ஜென்டும் ஆயிரக்கணக்கான நெல்லைக் கிறிஸ்தவர்களோடு நின்று வரவேற்பு கொடுத்தார்கள். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பனங்காடும் செம்மண்ணும் கருவேலமும்தான் சுற்றிலும். அதுவரை மாட்டு வண்டி தவிர வேறு வண்டி பார்க்காத ஜனங்களில் எத்தனை பேர் அங்கே இளவரசரைப் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் எஞ்சினைப் பார்த்திருப்பார்கள்? என் ஓட்டு எஞ்சினுக்குத்தான்.

ரயில் வந்த கையோடு பஞ்சமும் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். ரயில் இருந்ததால் தானியத்தை வேகமாகக் கொண்டுவர முடிந்தது என்று சர்க்கார் சொன்னது. அது உண்மைதான். விலை அதிகமாகக் கிடைக்கும் இடத்துக்கு வியாபாரிகள் தானியத்தைக் கொண்டுபோகவும் அதே ரயில்தான் உதவியது. இதுவும் உண்மைதான். எஞ்சினுக்கு யாருடைய மூட்டை என்று தெரியுமா என்ன.

இனி மியூசியத்துக்கு வருகிறேன். நானும் அப்பா, அம்மா, தம்பி, ஆச்சி எல்லோரும் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போயிருந்தபோது ஒரு நாள் முழுக்க ரயில் மியூசியத்தில் இருந்தோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை ஒட்டி இருக்கிறது, 2002ல் திறந்தது. ஐ.சி.எஃப். 1955ல் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. பழைய நீராவி எஞ்சின்களையும் பெட்டிகளையும் மரத்தடியில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சுற்றி வர ஒரு குட்டி ரயிலும் உண்டு. தம்பிக்கு அதுதான் மியூசியம். மூன்று தடவை சுற்றிவிட்டு வந்தான்.

ஊட்டி ரயிலைப் பார்த்துவிட்டு அப்பா "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண நீராவி எஞ்சினில் நெருப்பு, தண்ணீர், ஆவி, பிஸ்டன், சக்கரம், இவ்வளவுதான் விஷயம். கொதிகலனுக்குள் நெடுக ஓடும் குழாய்கள் வழியாக நெருப்பின் சூடு போகும். சுற்றியுள்ள தண்ணீர் ஆவியாகி சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். அப்படிப் போகும்போது அது அடுப்பின் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால் நெருப்புக்குத் தானாகவே காற்று கிடைக்கும். நாம் "குப்... குப்..." என்று சொல்லி விளையாடுகிறோமே, அது இந்தச் சீறல்தான். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு "குப்" வரும்.

நீலகிரி எஞ்சினில் இது போதாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் 12.5 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டிய ஏற்றம் இருக்கிறது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டு, எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம் வைத்தார்கள். சிலிண்டர் மொத்தம் நான்கு. முதல் இரண்டில் வேலை செய்த ஆவியையே அடுத்த இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை! சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊர்க் கம்பெனி செய்த எஞ்சின்கள் இவை. குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் பாதை திறந்தார்கள். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆச்சி இதெல்லாம் கேட்கவில்லை. ஒரு எஞ்சின் பக்கத்தில் போய் நின்று, "எம்மா, இதுக்குப் பொறத்தால உக்காந்து திருச்செந்தூர் போனா கண்ணெல்லாம் கரிதாம்ல. வெள்ளச் சேல கட்டிட்டு ஏறவே முடியாது" என்றாள். திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 1923ல் வந்தது. அகலப் பாதையாக மாறி 2008ல் மறுபடி திறந்தது. திருநெல்வேலி - மதுரை பாதை 1993லேயே மாறிவிட்டது. எஞ்சினுக்கு நல்ல கறுப்புச் சாயம் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். கரி மட்டும் இல்லை. ஆச்சி கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு. எந்த மியூசியத்திலும் எஞ்சினைச் செய்த கம்பெனி பேர், செய்த வருடம், எடை எல்லாம் பலகையில் இருக்கும். கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் பேர் இருக்காது. முன்னால் எரியும் அடுப்பு, தலைக்கு மேல் நம்ம ஊர் வெயில், மணிக்கணக்காக மண்வெட்டி. அவர்களும் அவர்களைப் போலப் பட்டறையில் வேலை செய்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் அதில் கைதானார். 1946 செப்டம்பர் 5ல் திருச்சி பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளிகள் செத்துப் போனார்கள். எஞ்சினின் சரித்திரம் என்றால் இதுவும் சேர்த்துத்தானே?

மணியாச்சிக்குத் திரும்பி வருவோம். அங்கேதான் 1911 ஜூன் 17 காலையில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் வந்தவர், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டுவிட்டு, பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். இதில் நான் கவனித்த ஒன்று: இந்தச் சண்டையே நீராவியில் ஆரம்பித்ததுதான். வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். அந்தக் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பதுதான் அவர்மேல் இருந்த கோபங்களில் முக்கியமானது. கடலில் நீராவி எஞ்சின் யார் கையில் இருப்பது என்ற கேள்வி, நீராவி ரயிலுக்குக் காத்திருந்த பெட்டியில் வந்து முடிந்தது. இன்று அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பேர். மின்சார எஞ்சின்கள்தான் ஓடுகின்றன.

நம்ம பக்கம் ஓடிய மீட்டர் கேஜ் எஞ்சின்கள் பெரும்பாலும் பழைய இரும்பாகிப் போய்விட்டன. தப்பிப் பிழைத்த எஞ்சின் கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் 1855ல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் 1909ல் ஓய்வு பெற்று, நூறு வருடம் காட்சிப் பொருளாகவே நின்றது. அதைப் பெரம்பூர் பட்டறைக்குக் கொண்டுவந்து பழுது பார்த்து, 2010 ஆகஸ்ட் 15ல் ஓட்டிக் காட்டினார்கள். 2019ல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில்கூட ஓடியது. அதன் ஜோடியான ஃபேரி குயின் எஞ்சினுக்கு வேறு விதி. 2011ல் அதன் பாகங்களைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதையும் பெரம்பூர்க்காரர்கள்தான் சரிசெய்தார்கள்.

நீராவி எஞ்சின் செய்யும் வேலை இன்னும் தமிழ்நாட்டில் முடியவில்லை என்பது தெரியுமா? நீலகிரிக்கு வேண்டிய புதிய எஞ்சின்களைப் பொன்மலைப் பட்டறையிலேயே செய்கிறார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை செய்தார்கள். 2021ல் நிலக்கரியில் எரிவது ஒன்றையும் செய்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினார்கள்.