ஏலத்துக்கு வந்த ஒரு கந்தோர் மேசை

வெளிநாட்டு ஏலப் பட்டியல்களில் ஒரு பழைய தேக்கு மேசை அடிக்கடி வரும். தலைகீழ் 'வி' மாதிரிக் கால்கள், ஓரிரண்டு லாச்சி, மேலே கீறல்கள். பக்கத்தில் வெள்ளைப் பெயின்றில் ஏதோ எழுத்தும் இலக்கமும். விலையைப் பார்த்தால் பல ஆயிரம் டொலர். 'மிட் செஞ்சரி மொடேர்ன்' எண்டு போட்டிருப்பாங்கள். இந்தப் பெயரே பரவலானது 1984இல் காரா கிரீன்பெர்க் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான். செய்த காலத்தில் அது வெறும் கந்தோர் மேசை.

அந்தக் கந்தோர் இருந்த இடம் சண்டிகர். 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாப்புக்குத் தலைநகர் இல்லாமல் போக, புதுசாக ஒரு நகரம் கட்ட முடிவானது. லு கொர்பூசியே திட்டம் வரைந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே 1951இல் வந்து 1965 வரை அங்கேயே தங்கி வேலை செய்தார். செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் எல்லாத்துக்கும் மேசை கதிரை வேணும். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் ஜானரேயும் சேர்ந்து வடிவமைக்க, உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கில் செய்து குடுத்தார்கள்.

பிறகு காலம் மாறியது. கால் உடைந்தவையும் பிரம்பு கிழிந்தவையும் மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்து கிடந்தன. அரசாங்கமே அவற்றைக் கழிவுச் சாமானாக ஏலம் விட்டது. 1990களின் கடைசியிலிருந்து ஐரோப்பிய வியாபாரிகள் மலிவாக வாங்கி, திருத்தி, பாரிசிலும் நியூயோர்க்கிலும் விற்றார்கள். இதைக் களவு எண்டு சொல்ல முடியாது. இந்தியத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருடம் தாண்டிய பொருட்களைத்தான் காக்கும். இந்த மேசைக்கு அப்ப ஐம்பது வயசுகூட இல்லை. 2011இல்தான் இந்திய உள்துறை அமைச்சு இவற்றை விற்கத் தடை போட்டது. அதற்குள் நிறையப் போய்விட்டது.

எனக்கு உறுத்துவது அந்த வெள்ளை எழுத்துத்தான். எந்தத் திணைக்களத்தின் சாமான் எண்டு கணக்கு வைக்க யாரோ ஒரு ஊழியர் எழுதியது. இண்டைக்கு அதுதான் 'அசல்' எண்டதுக்குச் சாட்சி, விலையையும் அதுதான் கூட்டுது. பட்டியலில் ஜானரேயின் பெயர் பெரிதாக இருக்கும். சௌத்ரியின் பெயரைத் தேடவேணும். மரத்தை அறுத்து இழைத்துப் பொருத்திய தச்சரின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. மேசைக்கு இலக்கம் போட்ட கந்தோர், அதைச் செய்தவரைப் பதிந்து வைக்கவில்லை.

எங்கட பள்ளிக்கூடங்களிலும் வாசிகசாலைகளிலும் இப்படிப் பழைய மேசைகள் மூலையில் கிடக்கும். அடுத்தமுறை பழைய சாமான்காரர் வர முதல், ஒருக்கால் கவிழ்த்துப் பாருங்கோ. யார் செய்தது, எந்த ஆண்டு எண்டு ஊர்ப் பெரியாக்களிட்டக் கேளுங்கோ. தெரிந்தவர்கள் இருக்கேக்கையே எழுதி வையுங்கோ.