செல்வமகளா, பிபிஎஃப்பா, மியூச்சுவல் ஃபண்டா? குழந்தைக்கான சேமிப்பில் வட்டிக்கு முன்னால் பார்க்க வேண்டிய தேதி

குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். தாத்தா தபால் நிலையத்துக்குப் போகலாம் என்பார். மாமா, தங்கம்தான் என்பார். வங்கிக்குப் போனால் அங்கே ஒருவர் 'சைல்ட் பிளான்' படிவத்தை நீட்டுவார். எல்லோரும் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வார்கள். எப்போது கையில் கிடைக்கும் என்பது பெரும்பாலும் பேச்சிலேயே வராது.

ஆனால், இந்தச் சேமிப்பில் நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அந்தத் தேதிதான். 17 அல்லது 18 வயதில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தொகையும் சின்னதாக இருக்காது. இன்று 1 லட்சம் ரூபாயாக இருக்கும் கட்டணம், ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் 18 ஆண்டுகளில் சுமார் 4 லட்சமாகிவிடும்.

செல்வமகள்: அந்த 21 யாருடைய வயது?

சுகன்யா சம்ரிதி என்கிற செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரி 22 அன்று ஹரியாணாவின் பானிபட்டில் தொடங்கப்பட்டது. 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் கட்டலாம். 15 ஆண்டுகள் கட்டினால் போதும், 21 ஆண்டில் கணக்கு முதிர்வடையும்.

இந்த 21-ஐ மகளின் வயது என்று பலரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. கணக்கு தொடங்கிய நாளில் இருந்துதான் 21 ஆண்டு. 9 வயதில் தொடங்கினால், மகளுக்கு 30 வயதாகும்போதுதான் முதிர்வு. 18 வயதுக்குப் பிறகு திருமணத்துக்காக முன்பே முடித்துக்கொள்ளலாம். உயர்கல்விக்கு என்றால், 18 வயது ஆனாலோ 10-ம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு முடிவில் கணக்கில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம்.

பாதி என்றால் எவ்வளவு? எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். பிறந்தவுடன் கணக்கு தொடங்கி, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 12,000 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 8.2 சதவீத வட்டி மாறாமல் இருந்தால், கட்டிய 1.8 லட்சம் 21-வது ஆண்டு முடிவில் சுமார் 5.7 லட்சமாக இருக்கும். விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். ஆனால், 17 ஆண்டு முடிவில் கணக்கில் இருப்பது சுமார் 4.2 லட்சம். கல்லூரியில் சேரும்போது அதில் பாதி, சுமார் 2.1 லட்சம்தான் கைக்கு வரும். மேலே சொன்ன 4 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

வட்டி மாறாமல் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பரிசீலிக்கிறது. 2015-16-ல் 9.2 சதவீதமாக இருந்தது, 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கி மூன்று ஆண்டுகள் அங்கேயே நின்றது. 8.2 ஆனது 2024 ஜனவரியில். அப்படியிருந்தும், இவ்வளவு பாதுகாப்பும் வரியில்லாத வட்டியும் சேர்ந்து கிடைக்கும் இடம் வேறு அதிகம் இல்லை. பெண் குழந்தை இருந்தால் இதைத் தொடங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. இது மட்டுமே போதும் என்று இருந்துவிடுவதில்தான் தயக்கம்.

இன்னொன்று: கணக்கைப் பெற்றோரோ சட்டப்பூர்வ பாதுகாவலரோதான் தொடங்க முடியும். பேத்தி பெயரில் ஆசையாகத் தொடங்கிய தாத்தா, பாட்டிகளின் கணக்குகளைப் பெற்றோருக்கு மாற்ற வேண்டும் என்று 2024-ல் நிதியமைச்சகம் விதிகளைத் தெளிவுபடுத்தியது.

பையனா இருந்தா?

பிபிஎஃப் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தபால் நிலையங்களில் 'பொன்மகன்' என்ற பெயரில் பிரபலமானதும் அடிப்படையில் இதுதான். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம். செல்வமகளைவிடக் குறைவு, ஆனால் தேதி நன்றாகப் பொருந்துகிறது. 15 ஆண்டுத் திட்டம் என்பதால், குழந்தைக்கு 2 வயதில் தொடங்கினால் கல்லூரி நேரத்தில் முழுத் தொகையும் வந்துவிடும். 7-வது நிதியாண்டில் இருந்தே ஒரு பகுதியை எடுக்கவும் வழி உண்டு. அந்த 15 ஆண்டுகள், கணக்கு தொடங்கிய நிதியாண்டின் முடிவில் இருந்து எண்ணப்படும். மார்ச் 31-ல் தொடங்காமல் மறுநாள் ஏப்ரல் 1-ல் தொடங்கினால் முதிர்வு ஒரு முழு ஆண்டு தள்ளிப்போகும்!

பெற்றோரின் பிபிஎஃப்பும் குழந்தையின் பிபிஎஃப்பும் சேர்த்துத்தான் ஆண்டுக்கு 1.5 லட்சம் என்ற உச்சவரம்பு. அதற்கு மேல் கட்டினால் வட்டி கிடைக்காது.

பங்குச்சந்தைப் பக்கம் போகலாமா?

10 ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தால் போகலாம். ஏனென்றால், 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. திரும்ப 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆனது. 3 வயதுக் குழந்தையின் அப்பா, அம்மா இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முடியாது. அதனால், 14, 15 வயதில் இருந்தே பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைப்புத்தொகைக்கு மாற்ற வேண்டும்.

குழந்தையின் பெயரிலேயே மியூச்சுவல் ஃபண்ட் வாங்கினால், 18 வயது நிறைந்ததும் கணக்கு முடக்கப்படும். பிள்ளை தன் பான், கேஒய்சி ஆவணங்களைக் கொடுத்து மேஜராக மாற்றும்வரை எதுவும் எடுக்க முடியாது. கட்டணம் கட்டும் மாதத்தில் இது தெரியவந்தால் ரொம்பக் கஷ்டம்.

2024 செப்டம்பரில் வந்த என்பிஎஸ் வாத்சல்யா ஓய்வூதியத்துக்கானது. கல்லூரிக் கட்டணத்தை மனதில் வைத்து அதில் சேர வேண்டாம்.

'சைல்ட் பிளான்' எடுக்கலாமா?

காப்பீடு தேவைப்படுவது சம்பாதிக்கும் அப்பா, அம்மாவுக்கு. அவர்களில் ஒருவர் இல்லாமல் போனால் மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் பணம் விழாது. பெற்றோர் இறந்தால் மீதி பிரீமியத்தைக் கட்டத் தேவையில்லை என்ற சலுகை பல சைல்ட் பிளான்களில் உண்டு, அது நல்ல அம்சம்தான். ஆனால், பெற்றோரின் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி எடுத்துவிட்டு சேமிப்பைத் தனியாக வைத்துக்கொண்டால், பிரீமியத்தில் எவ்வளவு காப்பீட்டுக்குப் போகிறது, எவ்வளவு முதலீட்டுக்குப் போகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

வரிக்காகக் குழந்தையின் பெயரில் எஃப்டி போடுகிறவர்களும் உண்டு. பலன் இல்லை: மைனர் குழந்தையின் வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில்தான் சேர்க்கப்படும். செல்வமகள், பிபிஎஃப் வட்டிக்கு வரி இல்லை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் வராது. அந்த இரண்டிலும் 5-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பணத்தை 5-ம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், 6-ம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி அதற்குக் கிடைக்காது.