மூளைப் புற்றுப் பரவல்: ஆய்வக மாதிரிகள்

மூளையில் தோன்றும் புற்றுகளில் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. மார்பகப் புற்றைப் போலன்றி, இது இரத்தத்தில் கலந்து பிற உறுப்புகளுக்குப் போவது மிக அரிது. மூளைக்குள்ளேயே ஊர்ந்து பரவும். 1928இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டான்டி, சில நோயாளிகளுக்கு வலப் பெருமூளை அரைக்கோளத்தையே அகற்றியதாக அறிவித்தார். அப்படியும் புற்று மீண்டும் தலைதூக்கியது.

இந்தப் புற்றின் செல்கள் மூளைக்குள் போகும் வழியைத் தெளிவாக வகுத்தவர் ஹான்ஸ் யோவாகிம் ஷெரர். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பணியாற்றிய ஜெர்மானியர். இறந்தோரின் மூளைகளைச் சீவி நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1938 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் புற்றுச்செல்கள் பற்றிச் செல்லும் தடங்களை விவரித்தார். இரத்தக் குழாய்களின் வெளிச்சுவர், வெண்பொருளின் நரம்பிழைகள், மூளை மேலுறையின் அடிப்பக்கம், நரம்புச் செல்களின் சுற்றுப்புறம் ஆகிய நான்கும் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பின்னாளில் பிரெஸ்லாவில், நாஜி ஆட்சி கொன்ற குழந்தைகளின் மூளைகளை ஆராய்ந்தவரும் இவரே. அதை விட்டுவிட்டு இவரைப் புகழ்வது முறையல்ல.

இந்தப் பரவலை ஆராயும் எந்த ஆய்வக மாதிரிக்கும் உரைகல் இந்த நான்கு தடங்கள்தான். பெரும்பாலானவை அதில் தேறுவதில்லை.

ஸ்வீடனின் உப்சாலாவில் 1960களில் ஒரு நோயாளியின் புற்றிலிருந்து யு-87 என்ற செல் வரிசை உருவானது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதை வாங்கி வளர்த்தன. எலியின் மூளையில் வைத்தால் அது பரவுவதில்லை. விளிம்பு தெளிந்த உருண்டையாகத் திரள்கிறது. பரவலை ஆராய இதைவிடப் பொருந்தாத செல்லைத் தேடிப்பிடிப்பது கடினம். போதாக்குறைக்கு, பரவலாக விற்கப்பட்ட யு-87 அந்த உப்சாலா நோயாளியுடையதே அல்ல என்று 2016இல் மரபணுச் சோதனை காட்டியது. வேறு யாரோ ஒருவரின் மூளைப் புற்று அது.

அடுத்தது சல்லடை முறை. ஸ்டீபன் பாய்டன் 1962இல் வெள்ளணுக்களின் நகர்வை அளக்கச் செய்த கருவி இது. நுண்துளைச் சவ்வின் மேல்புறம் செல்கள், கீழே அவற்றை ஈர்க்கும் பொருள். துளை வழியே எத்தனை இறங்கின என்று எண்ணுவார்கள். 1980களில் சவ்வின்மேல் மேட்ரிஜெல் பூசும் வழக்கம் வந்தது. எலிப் புற்றிலிருந்து எடுக்கும் இந்தக் களியில் லேமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் மிகுதி. மூளையிலோ இவை இரத்தக் குழாய் ஓரத்திலும் மேலுறை அடியிலும் மட்டுமே உண்டு. மற்ற இடமெல்லாம் ஹயலுரோனிக் அமிலம் நிறைந்த மென்மையான ஊடகம். ஆகவே சல்லடையில் விரைந்து இறங்கும் செல் மூளையிலும் அப்படியே ஓடும் என்று கொள்ள இடமில்லை.

உயிருள்ள மூளைச் சீவலைச் சவ்வின்மேல் வாரக்கணக்கில் வளர்க்கும் முறையை 1991இல் ஸ்டோப்பினி குழுவினர் எளிமையாக்கினர். அதில் உண்மையான நரம்பிழைகள் இருப்பதால், செல் எந்தத் தடத்தைப் பிடிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

எலியின் மண்டையோட்டில் கண்ணாடிச் சாளரம் பொருத்திய ஹைடெல்பெர்க் குழுவினர், புற்றுச்செல்கள் நீண்ட நுண்குழாய்களை நீட்டி ஒன்றோடொன்று இணைவதை 2015இல் படம்பிடித்தனர். தண்டுச்செல்களிலிருந்து வளர்த்த குறுமூளைகளில் நோயாளியின் புற்றுச்செல்களை விட்டுப் பார்க்கும் முறையும் இப்போது வழக்கில் உள்ளது. ஆனால் இந்தக் குறுமூளைகளில் இரத்த ஓட்டம் கிடையாது.