புதையலைத் தூக்கிச் சேத்துல போடு!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்கா, பொறுத்துக்கோங்க. பல வருஷம் முன்னாடி ஒரு இணைய மாய உலகத்துக்குள்ள (பேரு வேண்டாமே) முதல் தடவையா நுழைஞ்சேன். நடக்கறது, பறக்கறது, சட்டை மாத்தறது எல்லாம் பலகையில எழுதி வச்சிருந்தாங்க. சமர்த்தா படிச்சு எல்லாம் கத்துக்கிட்டேன். அப்புறம் என்ன செய்யறதுன்னு மட்டும் புரியலை. அரை மணி நேரம் வெத்து வானத்துல பறந்துட்டு, மூடி வச்சுட்டு ஆணி புடுங்கப் போயிட்டேன் :-)

'எப்படி'ன்னு சொல்லிக் கொடுக்கறது சுலபம். 'எதுக்கு'ன்னு சொல்லிக் கொடுக்கறதுதான் கஷ்டம். இந்த மாதிரி உலகங்கள் பிறந்த நாள்லேர்ந்து இருக்கற பிரச்சினை இது.

1978ல இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்கிற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுத ஆரம்பிச்சார். கூட ரிச்சர்ட் பார்ட்டில் சேர்ந்தார். 1980ல பொறுப்பு முழுக்க அவர் கைக்கு வந்துச்சு. படமெல்லாம் கிடையாது, வெறும் எழுத்துதான். வடக்கே போகணும்னா அதைத் தட்டணும். போய்ச் சேர்ந்த இடம் எப்படி இருக்குன்னு ரெண்டு வரி வரும். ஒரே நேரத்துல பல பேர் அதுக்குள்ள திரியலாம். அதுதான் அதிசயம். பல்கலைக்கழகத்தோட பெரிய கணினி பகல்ல வேலையா இருக்கும். வெளியாட்கள் எல்லாம் ராத்திரி ஆளில்லாத நேரத்துலதான் உள்ள வரமுடியும்.

புதுசா வர்றவன் 'கத்துக்குட்டி'. புதையலைத் தேடி எடுத்து, அதைக் கொண்டுபோய் ஒரு சதுப்பு நிலத்துல போட்டா புள்ளி. (கஷ்டப்பட்டு எடுத்த கிரீடத்தைச் சேத்துல போடறதான்னு கேக்காதீங்க, விதி அப்படி.) புள்ளி ஏற ஏற வீரன், நாயகன்னு பட்டம் ஏறி, கடைசியில மந்திரவாதி. மந்திரவாதி ஆயிட்டா அந்த உலகத்தையே ஆட்டி வைக்கலாம். ஆனா நடுவுல சண்டையில செத்தா, அந்தப் பாத்திரமே அழிஞ்சுடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நம்ம பரமபதம்தான்! என்ன, இங்க பெரிய பாம்பு பக்கத்துலயே இன்னொரு மனுஷனா நிக்கும்.

இந்தப் படிக்கட்டுக்குப் பின்னாடி ஒரு கோபம் இருக்கு. ட்ரப்ஷாவும் பார்ட்டிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பேசற உச்சரிப்பை வச்சே ஒருத்தன் எந்த வர்க்கம்னு எடை போடற ஊர் அது. இங்க எவனா இருந்தாலும் கத்துக்குட்டியா ஆரம்பிச்சு, தன் உழைப்பால மட்டும் மேல வரணும்னுதான் இந்தப் பட்டங்களை வச்சோம்னு பார்ட்டில் பிற்பாடு சொல்லியிருக்கார். இன்னிக்கு எல்லா விளையாட்டுலயும் 'லெவல் ஏத்தறது' வெறும் காசு பிடுங்கற வேலையா ஆயிடுச்சே, மட்டுல அதுக்குப் பின்னாடி இருந்த காரணம் இதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அடுத்தது 1986. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துல சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் ரெண்டு பேரும் கொமடோர் 64 கணினிக்கு 'ஹாபிடாட்' செஞ்சாங்க. இதுல படம் உண்டு. முட்டையிலேர்ந்து பொரிஞ்சு வந்த மாதிரி புது ஆள் வந்ததும் கையில 2000 டோக்கன், தினமும் வந்தா இன்னும் 100. பாக்கெட் மணி கொடுத்தாச்சு, வேலை கொடுக்கணுமே? டினால்சி தீவுன்னு ('ஐலேண்ட்' எழுத்தைத் திருப்பிப் போட்ட பேரு) ஒரு புதையல் வேட்டையை வாரக்கணக்கில் உட்கார்ந்து கட்டினாங்க. ஒரே ஒரு ஆள் முக்கியத் துப்பை 15 நிமிஷத்துல கண்டுபிடிச்சு, 8 மணி நேரத்துல கதையை முடிச்சுட்டார். நிறைய பேருக்கு உள்ள நுழையக்கூட நேரம் கிடைக்கலை!

அதுக்கப்புறம் ஆட்களே போக்கைத் தீர்மானிக்கட்டும்னு விட்டுட்டாங்க. ஒருத்தர் பத்திரிகை நடத்தினார், இன்னொருத்தர் சர்ச் ஆரம்பிச்சார். சொல்லாமலே வேலை உண்டாச்சு.

இதையெல்லாம் கோத்து யோசிச்சவர் மறுபடியும் பார்ட்டில்தான். 1989 நவம்பர்லேர்ந்து 1990 மே வரை, ஒரு மட்டோட மந்திரவாதிகள் நடுவுல காரசாரமான விவாதம்: ஜனங்க இங்க எதுக்குத்தான் வர்றாங்க? அதைத் தொகுத்து 1996ல சீட்டுக்கட்டு மாதிரி நாலா பிரிச்சார். புதையல் சேர்க்கிற டைமண்ட், தோண்டித் துருவற இஸ்பேட், மனுஷங்களோட பேச வர்ற ஆட்டின், அடுத்தவனை அடிக்க வர்ற கிளாவர். கிளாவர் கூட்டம் பெருத்தா ஆட்டின் கூட்டம் ஓடிடும். புதுசா வர்றவன்தான் சுலபமான இரை, அவனுக்குத் தப்பிக்கக்கூடத் தெரியாது.

2004ல வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வேற வழியில போச்சு. வேலை கொடுக்கறவர் தலைக்கு மேல மஞ்சள் ஆச்சரியக்குறி, நேரா போய் வாங்கிக்க வேண்டியதுதான். சோதனைக் காலத்துல, ரொம்ப நேரம் விளையாடினா 'களைச்சுட்டே'ன்னு பாதிப் புள்ளிதான் கொடுத்தாங்க. ஒரே கூச்சல். உடனே பழைய முழுப் புள்ளியை 'ஓய்வெடுத்ததுக்கு இரட்டைப் புள்ளி'ன்னும், பாதியைச் சாதாரணப் புள்ளின்னும் பேர் மாத்தினாங்க. கணக்கு அதேதான், கூச்சல் நின்னுடுச்சு. ஆடித் தள்ளுபடி பாத்து வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? ;-)

என் கதைக்கு வர்றேன். ஆறு மாசம் கழிச்சு அதே மாய உலகத்துக்குத் திரும்பப் போனேன். ஒரு திண்ணை மாதிரி இடத்துல நின்னுக்கிட்டு இருந்தவங்க, "புதுசா? வா, இந்த நாற்காலிக்கு ஒரு கால் குறையுது, செஞ்சு தர்றியா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கால் செஞ்சேன்.