ஆத்மாக் கணக்கு

காலேஜில் படிக்கிற நாளில் ருஷ்ய நாவல்களைத் தமிழ் மொழிபெயர்ப்பில் இரவும் பகலுமாக வாசித்துத் தள்ளினேன். அவற்றில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. யாராவது ஒரு பிரபுவை அறிமுகம் செய்யும்போது, அவருக்கு இத்தனை நூறு ஆத்மாக்கள் உண்டு என்று சொல்லுவார்கள். நம் ஊரில் ஒருவனுக்கு ஓர் ஆத்மா உண்டா இல்லையா என்பதே இன்னும் தீராத வழக்கு. இந்த மனிதருக்கு மட்டும் முந்நூறா! அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

பிழை இல்லை, அது சர்க்கார் கணக்கு.

மகா பீட்டர் சக்கரவர்த்தி 1724-ல் தலைவரி வசூலிக்க ஆரம்பித்தார். குடியானவரிலும் பட்டணத்துச் சாமானியரிலும் ஆண் ஒவ்வொருவனும், தொட்டில் குழந்தை உள்பட, வரிக் கணக்கில் ஓர் 'ஆத்மா'. பெண்களுக்கு வரி இல்லை; பிரபுக்களுக்கும் இல்லை. ஆகவே அந்தக் கணக்குப்படி பிரபுவுக்கு ஆத்மாவே கிடையாது. அவர் பண்ணையில் உழுகிறவனுக்குத்தான் உண்டு. ஆனால் அந்த ஆத்மாவுக்குச் சொந்தக்காரர் பிரபு!

இப்படிச் சேர்ந்த உத்தரவுகளையெல்லாம் தொகுத்துச் சட்டமாக்கும் வேலை, சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் காலத்தில் ஸ்பெரான்ஸ்கி என்பவரிடம் வந்தது. கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் மகன் அவர். புத்தியினாலும் உழைப்பினாலும் சக்கரவர்த்தியின் பக்கத்தில் உட்காரும் அளவுக்கு உயர்ந்தவர்; 1812-ல் பதவி பறிபோய் நாடு கடத்தப்பட்டு, பிறகு மீண்டும் அழைக்கப்பட்டவர். அவர் தொகுத்த பதினைந்து தொகுதிகள் 1832-ல் அச்சாகி, 1835 முதல் அமலுக்கு வந்தன.

அவற்றில் ஒன்பதாம் தொகுதி மனிதர்களைப் பற்றியது. ஆரம்பத்திலுள்ள பொது விதிகளே சாம்ராஜ்யத்தின் ஜனங்களைப் பங்கு பிரித்து விடுகின்றன. நாட்டுப் பிரஜைகள், சைபீரியப் பழங்குடிகளைப் போன்ற வேற்றினத்தார், அந்நிய நாட்டார் என்று முதலில் ஒரு பிரிவு. பிறகு பிரஜைகளுக்குள் பிரபுக்கள், மதகுருமார், நகரவாசிகள், கிராமவாசிகள் என்று நான்கு. யாருக்கு நிலம், யாருக்கு வரி, யார் பட்டாளத்துக்குப் போக வேண்டும், யார் முதுகில் சவுக்கு விழலாம் என்பதெல்லாம் இந்தப் பிரிவைப் பொறுத்தவை. பிரபுவைச் சவுக்கால் அடிக்கக் கூடாது. குடியானவனை அடிக்கலாம். குற்றம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், நீ யார் என்று சட்டம் கேட்டது.

பிறந்த படியிலிருந்து ஏறி வந்த மனிதர் ஸ்பெரான்ஸ்கி. அவர் கையாலேயே அந்தப் படிகள் இவ்வளவு ஒழுங்காக எண் போட்டு எழுதப்பட்டன என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் 1839-ல் காலமானார். மூன்று வருஷம் கழித்து, 1842-ல், கோகல் 'இறந்த ஆத்மாக்கள்' நாவலை வெளியிட்டார். ஒரு குடிக்கணக்குக்கும் அடுத்த குடிக்கணக்குக்கும் இடையே பல வருஷம் செல்லும். அதற்குள் இறந்து போனவன் காகிதத்தில் உயிரோடு இருப்பான். அவன் வரியைப் பண்ணையார் கட்டித் தொலைக்க வேண்டும். சிச்சிகாவ் என்ற எத்தன் அந்தச் செத்தவர்களைச் சொற்ப விலைக்கு வாங்குகிறான். அவர்களை அடமானம் வைத்துத் தலைக்கு 200 ரூபிள் கடன் வாங்குவது அவன் திட்டம். சட்டத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பி நடந்தவன் அவன் ஒருவன்தான் என்று சொல்ல வேண்டும்.

அந்த நாவலில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. குமாஸ்தாவுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் சிச்சிகாவ் தானே பத்திரம் எழுத உட்காருகிறான். எதிரே செத்தவர்களின் ஜாபிதா. தச்சன் ஸ்தெபான், செம்மான் மாக்ஸிம் என்று பெயர்களைப் பார்த்ததும் அவன் கை நின்று விடுகிறது. நீ எப்படி வாழ்ந்தாயப்பா, எப்படிச் செத்தாய் என்று ஒவ்வொருவனையும் மனசுக்குள் விசாரிக்கத் தொடங்குகிறான். பதினைந்து தொகுதிகள் கேட்காத கேள்வியை ஒரு மோசடிக்காரன் கேட்கிறான்.

செகாவின் பாட்டனார் பண்ணையடிமை. 1841-ல் 3,500 ரூபிள் கொடுத்துத் தம்மையும் குடும்பத்தையும் விலைக்கு வாங்கி விடுதலை பெற்றார். செகாவ் பிறந்தது 1860-ல். மறு வருஷம் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகளுக்குச் சட்டமே விடுதலை தந்தது. ஆனாலும் வகுப்புகள் போகவில்லை. கிராம நீதிமன்றங்கள் குடியானவனுக்குக் கசையடி விதிப்பது 1904 வரையில் நடந்தது.

1917-ல் புரட்சி அரசாங்கம் எல்லா வகுப்புகளையும் ஒரே உத்தரவில் ஒழித்தது. இனி எல்லாரும் குடிமக்கள் என்றது. அடுத்த வருஷமே, 1918-ல், அதன் அரசியல் சட்டம் வியாபாரிக்கும், கூலிக்கு ஆள் வைத்து லாபம் சம்பாதிப்பவனுக்கும், பாதிரிக்கும், பழைய போலீஸ்காரனுக்கும் ஓட்டு இல்லை என்று விதித்தது. அந்தத் தடை 1936-ல்தான் நீங்கியது. பழைய ஜாபிதாவைக் கிழித்துப் போட்ட அதே கை, புதிய ஜாபிதாவுக்குக் கோடு போட்டுக் கொண்டிருந்தது.

சர்க்கார் என்று ஒன்று இருந்தால் ஜாபிதாவும் இருக்கத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிரதி எடுக்க உட்காருகிறவன் பேனாவைக் கொஞ்சம் நிறுத்திப் பெயர்களை வாசித்துப் பார்க்க வேண்டும். சிச்சிகாவுக்கே அது முடிந்தது என்றால், நம்மால் முடியாதா?