மெரினா அரினா ஏன் மெரினாவில் இல்லை? ஒரு பெரிய கால்பந்து ஸ்டேடியம் இப்படித்தான் உருவாகுது!

சென்னையின் எஃப்.சி அணியின் ஹோம் கிரவுண்டான ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தின் செல்லப்பெயர் 'மெரினா அரினா'. ஆனால், அது இருப்பது பெரியமேட்டில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில். மெரினாவின் தெற்கு முனையில் இருக்கும் நொச்சிக்குப்பத்துப் பசங்க மேட்ச் பார்க்கணும்னா, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, நாலாவது ஸ்டேஷனான பார்க் டவுனில் இறங்கணும்.

'கடற்கரையில இவ்ளோ இடம் இருக்கே, இங்கேயே கட்டினா என்ன?'ன்னு தோணலாம். பதில் தெரிய, ஒரு ஸ்டேடியத்தை எப்படித் திட்டமிடுறாங்கன்னு பார்ப்போம்.

இடம்

சர்வதேசப் போட்டிகளுக்கான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஏக்கர்தான். ஆனா கேலரி, நுழைவாயில், பார்க்கிங், கூட்டம் கலைய திறந்தவெளி என்று தேவை பல மடங்கு கூடும். கடலோரத்தில் பெரிய கட்டடங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடும் இருக்கு. அதைவிட முக்கியம், நொச்சிக்குப்பத்து மணல் 'காலி இடம்' இல்லை. படகை ஏற்றி நிறுத்துவதும், வலை காய வைப்பதும், கிழிஞ்ச வலையைச் சரிபார்ப்பதும் அங்கேதான்.

திசையும் பார்வையும்

மைதானம் பெரும்பாலும் வடக்கு-தெற்காக அமையும். இல்லைன்னா மாலை வெயில் ஒரு கோல்கீப்பரின் கண்ணில் நேராக அடிக்கும். கேலரியில், உங்கள் பார்வைக் கோடு முன்வரிசைக்காரர் கண் மட்டத்துக்கு மேல் 9 செ.மீ உயரத்தில் போனால் நல்லது; 6 செ.மீ குறைந்தபட்சம். மேல் வரிசைகள் செங்குத்தாக ஏறுவது இதனால்தான்.

டிராக் வேணுமா, வேண்டாமா?

1956-ல் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் பார்ட்னர்ஷிப் போட்டது பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். அந்த இடத்தில்தான் 260 நாள்களில் புது ஸ்டேடியம் எழும்பி, 1993-ல் திறக்கப்பட்டது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நடந்தன. ஆனால், ஓட்டப் பந்தய டிராக் மைதானத்தைச் சுற்றி வருவதால் ரசிகர்கள் ஆட்டத்தைவிட்டுத் தள்ளித்தான் உட்காரணும்.

ஜெர்மனியின் மியூனிக்கிலும் இதே பிரச்னை. 1972 ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்த பேயர்ன் மியூனிக், 2005-ல் டிராக் இல்லாத அலையன்ஸ் அரினாவுக்கு மாறியது. கட்டுவதற்கு முன், 2001-ல் நகர மக்களிடம் வாக்கெடுப்பே நடந்தது!

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐ.எஸ்.எல் சீசனில் ஓர் அணிக்கு ஹோம் மேட்ச் கொஞ்சம்தான். கால்பந்துக்கு மட்டும்னு கட்டினால், மற்ற நாள்களில் கேலரி காத்தாடும். டிராக் இருந்தால் தடகள வீரர்களும் பயன்படுத்தலாம்.

வெளியே போகும் வழி

1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் நெரிசலில் சிக்கிய 97 பேர் இறந்தார்கள். கூட்டம் அதிகபட்சம் 8 நிமிடத்தில் கேலரியைவிட்டு வெளியேற முடியணும் என்கிறது பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி. எத்தனை பேர் உட்காரலாம் என்பதை சீட் மட்டுமல்ல, கேட்டும் முடிவு செய்யும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

செம்மஞ்சேரியில் பிரமாண்ட விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரக் குடும்பங்கள் பல குடியமர்த்தப்பட்ட பகுதி அது. அங்கேயோ வேறெங்கேயோ, புது ஸ்டேடியம் வரும்போது இதையெல்லாம் கேளுங்க:

* அந்த நிலத்தை இப்போ யார் பயன்படுத்துறாங்க?
* மேட்ச் முடிஞ்சு ராத்திரி வீட்டுக்குப் போக ரயிலோ பஸ்ஸோ இருக்கா?
* மேட்ச் இல்லாத நாளில் அந்த ஏரியா பசங்க உள்ளே போய் விளையாட முடியுமா?

மூணாவது கேள்விக்கு 'முடியாது'ன்னு பதில் வந்தா, அதே பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நடந்து போகும் தூரத்தில் லைட் போட்ட சின்ன கிரவுண்டு கேட்பதில் தப்பே இல்லை. மணலில் பந்து உதைக்கும் நொச்சிக்குப்பத்துப் பசங்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.