வைப்பு நிதியும் தீபாவளி போனசும்

மதுரை ஆரப்பாளையம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது பஸ் ஸ்டாண்டுதான். தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கம் போகிற கூட்டம் எப்போதும் நிற்கும். ஆனால் அதற்கு முன்பே ஆரப்பாளையம், பொன்னகரம், கரிமேடு எல்லாம் மில் தொழிலாளர் குடியிருந்த பகுதிகள். ஹார்வி சகோதரர்கள் 19ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நூற்பாலையை (பிற்பாடு மதுரா மில்ஸ், 1974 முதல் மதுரா கோட்ஸ்) மதுரைக்காரர்கள் ஹார்வி மில் என்றே சொன்னார்கள்.

கையில் சம்பளம் வந்தால் நாளைக்கு எடுத்து வைப்பதா, இன்றைக்குச் செலவழிப்பதா? இந்தக் கேள்வியில் சட்டமே இரண்டு முறை தலையிட்டிருக்கிறது, அதுவும் எதிரெதிர்த் திசையில்!

முதலாவது, 1952ல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம். முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டும்தான். அதில் ஜவுளியும் ஒன்று. தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 6.25 சதவீதம் பிடித்தார்கள், முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அதற்கு முன் பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் பிள்ளைகள்தான் வைப்பு நிதி. சேமிக்க மனமிருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை. கைக்கு வருமுன்பே பிடித்துக்கொண்டது. ஆனாலும் கல்யாணம், வீடு போன்றவற்றுக்கு நடுவில் எடுக்க வழி வைத்தார்கள். இல்லாவிட்டால் மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கடைதான்.

இரண்டாவது போனஸ். முதல் உலகப்போர் சமயத்தில், 1917ல் பம்பாய், அகமதாபாத் மில்களில் 10 சதவீதம் போர்க்கால போனஸ் கொடுத்தார்கள். அப்போது அது முதலாளி மனது வைத்துக் கொடுத்தது. பல போராட்டங்கள், வழக்குகளுக்குப் பின் 1965 சட்டம் அதை உரிமையாக்கியது. குறைந்தபட்சம் 4 சதவீதம். 1972ல் 8.33 ஆனது. நெருக்கடி நிலையின்போது 1975ல் மறுபடி 4க்கு இறங்கியது, 1977ல் 8.33 திரும்பி வந்தது. அது என்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது. அதாவது பதின்மூன்றாவது மாதச் சம்பளம்! பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பட்டாசு, பலகாரம், பழைய கடன் எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். அதைக் குறைத்தபோது தொழிலாளி வீட்டில் குறைந்தது தீபாவளி.

இந்த இரண்டுக்கும் நடுவே, சட்டத்துக்கு முன்பிருந்தே சனங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தது ஏலச்சீட்டு. இருபது பேர் மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் 10,000. அவசரக்காரர் 2,000 தள்ளி 8,000க்கு எடுப்பார். தள்ளிய 2,000, நடத்துபவர் கமிஷன் போக, எல்லோருக்கும் பிரியும். கடைசிவரை காத்திருப்பவருக்குத்தான் லாபம். இன்றைக்கே வேண்டும் என்பவர், நாளைக்குப் போதும் என்பவருக்குக் கூலி கொடுக்கிறார். சீட்டு நடத்துபவர் ஓடிப்போனால் இருவருக்கும் நாமம்தான். அதனால்தான் தமிழ்நாட்டில் 1961லேயே சீட்டு நிதிச் சட்டம் போட்டார்கள். 1982ல் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கிற சீட்டுகளில் பெரும்பாலானவை எந்தப் பதிவாளரிடமும் போனதில்லை.